மாப்பிள்ளைக்கு வைத்த தண்ணீர்

இது நடந்தது. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். ஜுமானா எங்கள் பக்கத்து அறையில் இரண்டு வருடம் வாடகைக்கு இருந்தவள், பொய் சொல்லத் தெரியாதவள், அவள் வாயாலேயே கேட்டேன். அந்த ஊரின் பெயரை மட்டும் சொல்லமாட்டேன். திருகோணமலைத் துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் என்றால் போதும். அங்கே இன்னும் ஆட்கள் காணி வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். விலை விழுந்தால் எல்லாரும் என் வாசலுக்குத்தான் சண்டைக்கு வருவார்கள்.

எங்கள் பக்கத்தில் வீடு என்றால் அது பெண்ணுக்கு. வாப்பா கட்டி மகள் பெயரில் எழுதுவார். கலியாணத்தன்று மாப்பிள்ளை அந்த வாசலில் வந்து நிற்பார். பெண்ணின் தம்பி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கால் கழுவிவிடுவான். மாப்பிள்ளை அவன் விரலில் ஒரு மோதிரம் போட்டுவிடுவார். அதோடு அவர் அந்த வீட்டு ஆள். ஜுமானாவுக்கு வாப்பாவும் இல்லை, தம்பியும் இல்லை, வீடும் இல்லை. வாடகை மண்டபத்தில் நிக்காஹ் முடிந்தது. மாப்பிள்ளை றிஸ்கானின் காலை யாரும் கழுவவில்லை. போன் திருத்தும் கடையில் வேலை செய்யும் அந்த அப்பாவி மனிதன் அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைத்ததில்லை. அவளுக்குத்தான் மனம் ஆறவில்லை. வயிற்றுப் பிள்ளை பிறக்குமுன் சொந்த வாசல் ஒன்று வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

டவுனுக்குள் விலையைக் கேட்டாலே தலை சுற்றியது. நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்காரர்கள் புகுந்து விலையை எங்கேயோ கொண்டுபோய் விட்டார்கள். கிண்ணியாவில் பார்த்த வளவு மாரி மழையில் குளமாகிவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரரே சொன்னார். இன்னோர் இடத்தில் காணி உறுதிப் பத்திரம் சரியில்லை. வாயும் வயிறுமாக மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராக அலைந்து அவளுக்குக் கால் வீங்கிப்போனது. அப்போதுதான் தரகர் சஜீத் வந்தார்.

"கட்டி முடிச்ச வீடு, தங்கச்சி. ஒருத்தரும் குடியிருக்கல்ல. அந்த ஒழுங்கையிலேயே நல்ல தண்ணிக் கிணறு இந்த வளவிலதான்."

"அப்ப ஏன் இவ்வளவு மலிவு?"

"சொந்தக்காரர் கொழும்பில படுத்த படுக்கை. மருந்துச் செலவு..."

அவர்கள் கையில் இருந்தது அந்த விலைக்கு மட்டுமட்டாகக் காணும். ஜுமானா அன்றிரவே திரைச்சீலைக்கு நிறம் யோசிக்கத் தொடங்கிவிட்டாள்.

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து மூவரும் போனார்கள். நல்ல வெளிச்சம். சஜீத் வீட்டுப் பூட்டின் திறப்பை றிஸ்கானிடம் கொடுத்துவிட்டுக் கேற்றுக்கு வெளியே நின்றுகொண்டார்.

"நீங்க போய்ப் பாருங்க. எனக்கு ஒரு கோல் வருது."

போன் அடித்த சத்தம் ஜுமானாவுக்குக் கேட்கவில்லை.

பூட்டிக் கிடக்கும் வீட்டின் முற்றம் கூட்டியிருந்தது. விளக்குமாற்றின் கோடுகள் மண்ணில் அப்படியே இருந்தன. வாசற்படியில் ஒரு பித்தளைச் செம்பு. விளிம்பு வரை தண்ணீர்.

"அக்கம்பக்கத்தில யாராவது வெச்சிருப்பாங்க," என்றான் றிஸ்கான்.

வெயிலில் வந்த தாகம். ஜுமானா செம்பைத் தூக்கி ஒரு மிடறு குடித்தாள். குடித்ததை அப்படியே துப்பினாள். உப்பு. சுத்தக் கடல் தண்ணீர்.

நல்ல தண்ணீர் என்று இந்த ஆள் அவிழ்த்துவிட்டாரா என்ற கோபத்தில் செம்பைப் படியில் வைத்துவிட்டு, வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். கிணற்றில் அள்ளிக் குடித்தாள். இளநீர் மாதிரி இருந்தது. அப்படியானால் செம்பில் இருந்த தண்ணீரை எங்கிருந்து கொண்டுவந்தார்கள்? கடற்கரை அங்கிருந்து கிட்டவும் இல்லை.

அப்போது முன்பக்கம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

சளக்... சளக்...

றிஸ்கான் யாருடனோ மெல்லக் கதைத்தான். பிறகு சிரித்தான். மற்ற ஆளின் குரல் கேட்கவே இல்லை.

அவள் பின்பக்கத்தில் பூட்டாமல் கிடந்த குசினிக் கதவைத் தள்ளி, அடுப்படி வழியாக உள்ளே வந்தாள். வெறும் ஹோல். நடுவில் ஒரே ஒரு கதிரை. அதில் றிஸ்கான், புது மாப்பிள்ளை போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கால்கள் கணுக்கால் வரை ஈரம்.

"யாரு தண்ணி ஊத்தினது?"

"தம்பி."

"எந்தத் தம்பி?"

"உன்ட தம்பிதான்."

அவள் கிட்டப் போனாள். அவன் விரலைப் பார்த்தாள். அவள் கொடுத்த வெள்ளி மோதிரம் அதில் இல்லை.

பக்கத்து அறைக்குள்... வளையல் சத்தம்.

சாத்தியிருந்த கதவு உள்ளிருந்து மெல்லத் திறந்தது.

றிஸ்கான் எழுந்தான். "கூப்பிடுறாங்க," என்றான்.

வயிற்றில் பிள்ளை உதைத்தது.

அவள் அவன் சட்டையைப் பிடித்தாள்... இழுத்தாள்... அவன் கனத்தான்.

எவ்வளவு நேரம் இழுத்தாளோ, பொழுது பட்டு மஃரிப் பாங்கு கேட்டது. பிடி விட்டதுபோல அவன் அவளோடு வந்தான்.

கேற்றில் சஜீத் இல்லை.

வழியில் அவனுக்கு எதுவும் ஞாபகம் இல்லை. மோதிரம் கழன்று விழுந்திருக்கும் என்றான். அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

அந்த ஊரில் வாழ்க்கைப்பட்ட நபீஸா என்ற சினேகிதியிடம் ஜுமானா விசாரித்தாள். அது சுஹைரா என்ற பெண்ணுக்கு வாப்பா கட்டிய வீடாம். கலியாணத்துக்கு முந்திய வாரம், உடுப்பு எடுக்கத் தம்பியோடு தோணியில் டவுனுக்குப் போனவள். தோணி கவிழ்ந்தது. இருவருமே மௌத்து. பார்த்த மாப்பிள்ளை வேறு ஊரில் கலியாணம் முடித்துக்கொண்டான். அந்த வாசலுக்கு ஒரு மாப்பிள்ளையும் வந்ததே இல்லை.

அலைந்து திரிந்து, பிள்ளை பிறக்கும் மாதத்தில், கிண்ணியாவில் ஒதுக்குப்புறமாக ஒரு சின்ன வீடு கிடைத்தது. பூசாத சுவர், கிணற்றில் உப்புக் கரிக்கும் சவர்த் தண்ணி, ஆனால் சொந்த வாசல். குடிபோகும் காலையில் நானும் சாமான் தூக்கப் போயிருந்தேன். ஜுமானாவின் போன் அடித்தது. சஜீத்.

"தங்கச்சி, அந்த வீட்ட இனி ஒருத்தருக்கும் காட்ட வேணாமாம்."

"ஏன்?"

"கொழும்பில இருக்கிற பெரியவர் சொல்லிட்டார். மகளுக்கு மாப்பிள்ளை வந்திட்டாராம். ராத்திரி மகன் வந்து வெள்ளி மோதிரத்தக் காட்டினானாம். படுக்கையில கிடக்கிற மனிசன், என்னவோ புலம்புறார் போல..."

அவள் போனை வைத்தாள். குசினிக்குப் போய்ச் செம்பில் தண்ணீர் எடுத்துவந்தாள். தம்பி இல்லாவிட்டால் என்ன, நானே கழுவிவிடுகிறேன் என்று வாசலில் குனிந்தாள்.

றிஸ்கான் படியை விட்டுப் பின்னால் நகர்ந்தான்.

"எனக்குக் கழுவியாச்சே," என்றான்.

காய்ந்த மணலில்தான் அவன் நின்றிருந்தான். அவன் கால்கள் கணுக்கால் வரை நனைந்திருந்தன.