புதன்கிழமை அக்கா

என் பட்டறையில் போன் கிடையாது. பக்கத்துப் பெயிண்டுக் கடை நம்பரைத்தான் ஊருக்கெல்லாம் கொடுத்து வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு காலையில் லேத்து ஓடிக்கொண்டிருந்தபோது கடைக்காரர் வந்து தோளைத் தொட்டார். சூலூரிலிருந்து என் தங்கை வசந்தி லைனில் இருந்தாள். "அக்கா போயிட்டாங்கண்ணா. காலைல நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவங்க எந்திரிக்கவே இல்லையாமா" என்றாள். எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. கூடப் பிறக்காத அக்கா எங்களுக்கு ஒருவர்தான் உண்டு. சட்டையை மாட்டிக்கொண்டு அப்படியே கிளம்பிவிட்டேன். ஓடிக்கொண்டிருந்த லேத்தைக் கடைக்காரர்தான் நிறுத்தினாராம்.

கிருபாவதி அக்காவை அறியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மதுக்கரைக்காரர். அவருடைய அப்பா சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றியவர். அதற்கு முந்தைய தலைமுறைகள் எல்லாம் எங்களைப் போன்றவர்களின் தோட்டங்களில் காட்டு வேலை செய்தவர்கள். அந்த வீட்டிலிருந்து படித்து மேலே வந்து, சமூகப் பணியில் எம்.ஏ. முடித்து, ஆஸ்பத்திரி ஒன்றின் மனநலப் பிரிவில் வேலைக்கும் போனார். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டுச் சிங்காநல்லூர் பக்கம் வந்துவிட்டார். நிலையான வேலையை யாராவது விடுவார்களா என்று ஒருமுறை கேட்டேன். "அங்க வர்றவங்க எல்லாம் கடைசியாத்தான் வர்றாங்க தம்பி. மந்திரிக்கறது, கட்டி வெக்கறது எல்லாம் முடிஞ்சு, ஆளு பாதியாகி வர்றாங்க. அதான் நானே முன்னால போயிரலாம்னு வந்துட்டேன்" என்றார்.

எங்கள் வீதிக்குப் பின்னால் ஒரு பால்வாடி உண்டு. புதன்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு அந்த அறை அக்காவுக்கு. பவானி ஜமக்காளம் ஒன்றை விரிப்பார், அவ்வளவுதான் ஏற்பாடு. போர்டு கிடையாது. போர்டு வைத்தால் அதை நின்று படிக்கிறவன் யார் என்று நாலு பேர் பார்ப்பார்கள் என்பார். அதனால் அந்த இடத்துக்குப் பெயரே புதன்கிழமை என்று ஆகிவிட்டது. 'புதன்கிழமைக்குப் போனியா?' என்று கேட்டால், தெரிந்தவர்களுக்குத் தெரியும். அண்ணன் செத்ததிலிருந்து பேச்சை நிறுத்திவிட்ட குழந்தை, பத்தாவதில் தவறியதும் வெளியே தலைகாட்டாத பெண், பெற்ற பிள்ளையைத் தூக்கவே பயந்த தாய், மில் மூடிய பிறகும் விடிந்தால் டிபன் பாக்சோடு போய் மூடிய கேட்டுக்கு முன்னால் நின்றுவிட்டு வந்த தொழிலாளி, மனைவி போனதும் சோறு இறங்காமல் போன பெரியவர் என்று எல்லா வயசும் அந்த ஒரே ஜமக்காளத்தில் இருக்கும். மீசை வைத்த ஆட்கள் எல்லாம் அணில், ஆடு படம் வரைந்த சுவரில் சாய்ந்து ஒழுங்காகக் காலை மடக்கி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அக்கா முறைப்பார். அவருக்கு நன்றாகவே முறைக்கத் தெரியும். சாந்த சொரூபி என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம்.

எங்கள் வீட்டுக்கு அவர் வந்த கதை வேறு. தொண்ணூறுகளின் தொடக்கம். அப்பா இறந்து, தோட்டத்தை விற்று, நான் பட்டறை போட்டிருந்த சமயம். காலேஜில் படித்துக்கொண்டிருந்த வசந்திக்கு முதலில் தூக்கம் போனது, பிறகு சாப்பாடு போனது. அதன் பிறகு, பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். நாங்கள் என்ன செய்தோம்? எங்கள் சனம் வழக்கமாகச் செய்வதைத்தான் செய்தோம். பின்கட்டு அறையில் வைத்துத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, வசந்தி பவானியில் இருக்கிற அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று வீதிக்குச் சொன்னோம். நாளைக்குச் சம்பந்தம் பேச வருகிறவன் முதலில் டீக்கடையில்தான் விசாரிப்பான். ஒரு சொல் வெளியே போனால் அந்தப் பிள்ளையின் வாழ்க்கை அங்கேயே முடிந்தது என்று அம்மா பயந்தார். எனக்கும் அதே பயம்தான்.

ஒரு நாள் மத்தியானம் நூல் சேலையும் தோள்பையுமாக ஓர் அம்மா வாசலில் வந்து நின்றார். "ஏனுங் தம்பி, பவானிக்குப் போயிருக்கற அம்மணியைப் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேனுங்க."

"அதுக்குப் பவானிக்குத்தானுங்க போகோணும்" என்றேன் விறைப்பாக.

"பரவால்லீங்க, உள்ளயே பார்த்துக்கறேன்."

யார் சொல்லி வந்தார் என்பதைக் கடைசி வரைக்கும் அவர் வாயிலிருந்து வாங்க முடியவில்லை. நானும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனேன். அம்மா அன்றைக்குக் காபியைத் தனி டம்ளரில் கொடுத்தார். அக்கா அதைப் பார்த்தார், குடித்தார். சில மாதங்களில் எங்கள் டம்ளர்களிலேயே அவரும் குடித்துக்கொண்டிருந்தார். எப்போது மாறியது என்று கேட்டால் ஞாபகமில்லை என்பார் அம்மா. அது பொய், அம்மாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்.

அக்கா முதலில் அந்தக் கதவைத் திறக்கச் சொன்னார். உள்ளே போகவில்லை. வந்த நாளெல்லாம் நிலைப்படியில் உட்கார்ந்து, அம்மாவின் முறத்தை வாங்கிப் பச்சைத் துவரங்காய் உரித்தார். யாரிடம் என்றில்லாமல் ஊர்க்கதை பேசினார். எனக்கோ எரிச்சல். துவரங்காய் உரிக்கவா இந்த அம்மா எம்.ஏ. படித்தது என்று முணுமுணுத்துக்கொண்டு திரிந்தேன். ஒரு நாள் மில் சங்கு ஊதி ஓய்ந்ததும் வசந்தி முதல் முறையாக அவரிடம் வாயைத் திறந்தாள். சங்கு நின்ற பிறகும் ஒரு பேச்சுச் சத்தம் கேட்கிறதே, உங்களுக்கும் கேட்கிறதா என்று கேட்டாள். நாங்கள் அதுவரை, அதெல்லாம் ஒன்றும் கேட்கவில்லை, சும்மா இரு என்று அவளை அதட்டித்தான் வைத்திருந்தோம். அக்கா உரிப்பதை நிறுத்தினார்.

"எனக்குக் கேக்கல கண்ணு. ஆனா உனக்குக் கேக்குதுங்கறது நெசம். இனி அதோட நீ தனியா மல்லுக்கட்ட வேண்டாம்."

வசந்தி அன்று அழுத அழுகையை நான் மறக்க மாட்டேன். அவள் சொன்னதை நம்பிய முதல் ஆள் அக்காதான். அடுத்த வாரமே அவரோடு டவுன் பஸ் ஏறி டாக்டரிடம் போனாள், மாத்திரை ஆரம்பித்தது. அம்மா கோயிலுக்கு நேர்ந்துகொண்டதை அக்கா தடுக்கவில்லை. சாமியையும் விட வேண்டாம், மாத்திரையையும் விட வேண்டாம் என்றார். இடையில் ஒருமுறை வசந்தி பழையபடி ஆனாள், மறுபடியும் தேறினாள். படிப்பை முடித்து, பம்ப் கம்பெனி ஒன்றில் ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்தாள். புதன்கிழமைகளில் ஜமக்காளத்தை விரிப்பதே அவள் வேலை என்று ஆனது.

அக்கா தொட்டதெல்லாம் துலங்கியது என்று சொல்ல மாட்டேன். மூடிய மில் கேட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தாரே, அந்தத் தொழிலாளியைக் காப்பாற்ற முடியவில்லை. அவர் இறந்த வாரம் அக்கா வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார், அழுது முகம் வீங்கியிருந்தது. அந்த மனிதரின் மனைவியைக் கையோடு அழைத்து வந்து தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

பிறகுதான் வசந்திக்குச் சூலூர்ச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பவுண்டரியில் சூப்பர்வைசர். அப்பா இல்லை, அம்மா மட்டும். ஜாதகமும் பொருந்திவிட்டது. அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனாலும் உள்ளுக்குள் ஒரே உதறல், விசாரிக்க வருவார்களே என்று. என்னையும் வசந்தியையும் கூட்டிக்கொண்டு அக்காவிடம் போய், யார் வந்து கேட்டாலும் இந்தப் பிள்ளையைத் தெரியவே தெரியாது என்று சொல்லிவிடும்படி கெஞ்சினார்.

அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "நான் வாயைத் தொறக்கமாட்டேனுங்கம்மா, அது வசந்தியோட சமாச்சாரம். ஆனா பொய்யும் சொல்லமாட்டேன். மறைச்சுக் கட்டிக் குடுத்தீங்கன்னா, அவ மாத்திரையையும் மறைச்சுத்தான் போடோணும். மறைச்சுப் போடற மாத்திரை ஒரு நா நின்னுபோகுமுங்க."

எனக்கு வந்ததே கோபம்! இந்த இடம் தவறிப்போனால் நீங்களா மாப்பிள்ளை கொண்டு வருவீர்கள் என்று கேட்டுவிட்டேன். அந்தக் கோபம் தப்பு என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. இந்த ஊரில் தங்கையை வைத்திருக்கிற எந்த அண்ணனுக்கும் அது வரும். அக்கா என்னோடு வாதாடவில்லை. வசந்தி பக்கம் திரும்பி, உனக்கு எப்படித் தோணுது என்று கேட்டார். ஜாதகம் எடுத்த நாளிலிருந்து நாங்கள் யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது. நானே சொல்லிக்கொள்கிறேன் என்றாள் வசந்தி.

பெண் பார்க்க வந்தார்கள். கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் முறையாக நடந்தது. மாப்பிள்ளையின் அம்மா வழக்கமான கேள்விகளுக்கு நடுவே, உடம்புக்கு ஒன்றும் இல்லையே அம்மணி என்று ஒரு பேச்சுக்குக் கேட்டு வைத்தார். வசந்தி காபித் தட்டைக் கீழே வைத்தாள். தனக்கு மனசில் நோய் வந்தது, வைத்தியம் செய்துகொண்டது, இப்போதும் தினம் மாத்திரை போடுவது, பால்வாடியில் புதன்கிழமை கூடுவது எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னாள். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று அவர்கள் எழுந்தார்கள். எங்கள் பக்கத்தில் முகத்துக்கு நேரே யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். அதற்குப் பதிலாகத்தான் இந்த மரியாதையான பேச்சு. அன்றைக்கு அம்மா பாயில் படுத்தவர் இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

அடுத்த புதன்கிழமை நானே பால்வாடிக்குப் போனேன். அக்காவை நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிடுவது என்றுதான் போனேன். வேப்பமரத்தடியில் அந்தச் சூலூர் அம்மா நின்றிருந்தார். தனியாக, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு. இன்னும் என்ன விசாரணை வேண்டிக் கிடக்கிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன தெரிய வேண்டுமோ என்னிடம் கேளுங்கள் என்று போய் நின்றேன்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "விசாரிக்க வரலீங்க. எனக்குத்தானுங்க பார்க்கோணும். எங்கூட்டுக்காரரு போனதுல இருந்து தூக்கமே இல்லீங்க. காலு கெணத்து மேட்டுப் பக்கமே போகுது. பையனுக்குக்கூடத் தெரியாது. உங்க அம்மணி அத்தனை பேரு முன்னால சொன்னப்பத்தான், இதையெல்லாம் வெளிய சொல்லலாம்னே எனக்குத் தெரிஞ்சுதுங்க."

நாலு வார்த்தை கேட்க வந்த நானே அவரை உள்ளே அழைத்துப் போனேன். அக்கா எதையும் கேட்கவில்லை, வாங்கம்மா, உட்காருங்க என்றதோடு சரி. வசந்தி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். நான் வெளியே வந்து என் வண்டியில் உட்கார்ந்து அழுதேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

கல்யாணம் உடனே நடந்துவிடவில்லை. அந்த அம்மாவுக்குத் தூக்கம் திரும்பவே பல மாதம் பிடித்தது. அதன் பிறகு அவரே மகனோடு வந்து பெண் கேட்டார். எல்லாம் தெரிந்துதான் மாப்பிள்ளையும் சம்மதித்தார். இன்றைக்கும் அந்த வீட்டு அடுப்படி அலமாரியில் மாமியார், மருமகள் இருவர் மாத்திரையும் உப்புச் சாடிக்குப் பக்கத்தில் ஒன்றாகத்தான் இருக்கிறது. ஒருத்தி மறந்தால் இன்னொருத்தி திட்டுவாள். முகூர்த்தத்துக்கு அக்கா வந்தார், கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு ஓசைப்படாமல் போய்விட்டார். முன்னால் வந்து உட்கார்ந்தால் என்ன என்று மறுவாரம் நான் சண்டைக்குப் போனேன். "புதன்கிழமைக்கு வந்தவங்க பல பேரு மண்டபத்துல இருந்தாங்க தம்பி. நான் முன்னால உக்காந்தா அவங்களுக்குச் சோறு எறங்காது" என்றார்.

மதுக்கரைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். நான், வசந்தி, அவள் மாமியார் மூவரும் போனோம். குழியைச் சுற்றி வீட்டார் நின்றார்கள். பின்னால், மதில் ஓரமாக, தலையைக் குனிந்துகொண்டு நிறையப் பேர். சில முகங்களை எனக்குத் தெரியும், அவர்களுக்கும் என்னைத் தெரியும். யாரும் யாரையும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அக்காவின் அண்ணன் வயதானவர். இத்தனை பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று திகைத்துப் போயிருந்தார். தங்கை என்ன வேலை செய்தார் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் இன்னாருக்குச் செய்தேன் என்று ஒரு பெயரைக்கூட அக்கா வீட்டில் சொன்னதில்லையாம். அவர் எங்களிடம் வந்து, துக்கத்துக்கு வந்தவர்களிடம் எல்லோரும் கேட்பதைக் கேட்டார்.

"நீங்க எங்க தங்கச்சிக்கு என்ன வேணுமுங்க?"

தெரிந்தவர்கள் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். வசந்தி முந்திக்கொண்டாள். மதில் ஓரம் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள். "எனக்கு மனசு சரியில்லாம இருந்தப்ப, அவங்கதானுங்க வைத்தியம் பார்த்தாங்க."

"எனக்குமுங்க" என்றார் அவள் மாமியார்.

மதில் ஓரத்தில் சில தலைகள் நிமிர்ந்தன. பெரியவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்படீன்னா பின்னால எதுக்கு நிக்கறீங்க? முன்னால வாங்க" என்று ஒதுங்கி வழி விட்டார். அவர்கள் இருவரும் போய் மண் அள்ளிப் போட்டார்கள். டிபன் பாக்சோடு நடந்த அந்தத் தொழிலாளியின் மனைவி அடுத்து வந்தார். அவருக்குப் பின்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் மதில் ஓரத்தில் யாருமே இல்லை.

அக்கா, இனி யார் வந்து விசாரித்தாலும் எங்கள் சமாச்சாரத்தை நாங்களே சொல்லிக்கொள்கிறோம். இத்தனை பேர் ரகசியத்தையும் ஒற்றை ஆளாகச் சுமந்தது போதும். இறக்கி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.