அந்த ஜன்னலுக்குக் கீழே விறகு வெட்டிய நாள்

மக்களே, உங்கள் இரண்டு பேருக்கும் தமிழைவிட மலையாளம்தான் நன்றாக வாசிக்க வரும். ஆனால் எனக்கு எழுதத் தெரிந்தது தமிழ் மட்டும்தான். புரியாத இடத்தை அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இது எழுபதுகளின் கடைசியில், மட்டாஞ்சேரியில் நடந்தது. அப்போது நீங்கள் பிறக்கவில்லை. யூதத் தெருவுக்குப் பின்னால் இருந்த ஒரு விறகுக் கடையில் நான் விறகு பிளந்துகொண்டிருந்தேன். கடைக்கு ஒரு பக்கம் சுக்கும் மிளகும் அடைத்த கிடங்குகள். இன்னொரு பக்கம் ஒரு யூத வீட்டின் பின்சுவர். அதில் ஒரு மாடி ஜன்னல். அதன் கீழேதான் நிழல் விழும். ஆகவே நான் நின்று வெட்டுவதும் அங்கேதான்.

அந்த வீட்டில் வயதான ஒரு அம்மாவும் கல்யாணமாகாத மூத்த மகளும் இருந்தார்கள். இளைய மகள் இஸ்ரேலுக்குப் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. அந்தத் தெருவில் பாதிப் பேர் அப்படிப் போனவர்கள்தான். மூத்த மகளை நான் சேச்சி என்று கூப்பிடுவேன்.

அந்த அம்மா படுக்கையில் விழுந்தார். இனி ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவர்களுடைய உறவுக்காரப் பெண் ஒருவர், பள்ளிக்கூட டீச்சர், தினமும் தடிமனான ஒரு புத்தகத்தோடு வருவார். மத விஷயத்தில் சந்தேகம் கேட்பதற்கு இருந்த பெரியவர்கள் எல்லாரும் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். சாகும் நிலையில் இருப்பவரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அந்த இரண்டு பெண்களும் தாங்களாகவே படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. டீச்சர் எபிரேய எழுத்தை வாசித்து மலையாளத்தில் அர்த்தம் சொல்வார். சேச்சி விடாமல் கேள்வி கேட்பார். நான் தண்ணீர் வாங்கிக் குடிக்கப் பின்கதவுக்குப் போகும்போது காதில் விழும். அந்த நிலையில் இருப்பவரை அசைக்கக் கூடாதாம். தலையணையை உருவக் கூடாதாம். கண்ணை முன்னதாக மூடிவிடக் கூடாதாம். உதட்டை நனைக்கலாமா என்று ஒரு பகல் முழுக்கப் பேசினார்கள்.

ஒரு நாள் காலையில் சேச்சி பின்கதவைத் திறந்து வந்தார்.

"அண்ணாச்சி, இந்நு விறகு வெட்டண்டா."

"அம்மாவுக்குத் தூக்கம் கெடுதா சேச்சி? மெதுவா வெட்டறேன்."

"மெல்லெ அல்ல. வெட்டவே வேண்டாம்."

பின்னால் வந்த டீச்சர் லேசாகச் சிரித்தார். "எங்கட புஸ்தகத்தில் நிங்களும் உண்டு கேட்டோ, அண்ணாச்சி!"

பிறகு விளக்கிச் சொன்னார். ஒருவர் உயிர் பிரிய முடியாமல் தவிக்கும்போது, பக்கத்தில் விறகு வெட்டுகிற சத்தம் அந்த உயிரைப் போகவிடாமல் தடுத்தால், அந்தச் சத்தத்தை நிறுத்தலாமாம். அது உயிரை எடுப்பது ஆகாதாம், தடையை விலக்குவது மட்டும்தானாம்.

விறகு வெட்டுகிறவனை எந்த வேதப் புத்தகத்தில் எழுதப் போகிறார்கள்? கோடாலியைச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

கடை முதலாளி வந்து பார்த்துவிட்டு, "எடா பாண்டி, கோடாலிக்கும் நோன்பாடா?" என்றார். தமிழர்கள் எல்லாரும் அங்கே பாண்டிதான். விஷயத்தைச் சொன்னேன். மாடியை நிமிர்ந்து பார்த்தார். "செரி, போய் வெட்டினதை அடுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதியம் தந்தி வந்தது. இளைய மகள் பம்பாயில் இறங்கிவிட்டாள், நாளைக் காலை கொச்சிக்கு வந்துவிடுவாள். சேச்சி செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார்.

"அண்ணாச்சி, வெட்டிக்கோ! நாளெ அவள் வருந்ந வரெ வெட்டிக்கோ!"

டீச்சர் பின்னாலேயே வந்து கையைப் பிடித்தார். "அது பாடில்லா, கூடாது."

"ஏன் பாடில்லா? சத்தம் நிந்நா போகும்னு நீயல்லே வாயிச்சது? அப்போ சத்தம் இருந்நா போகாதில்லே?"

"நிறுத்தலாம். பிடிச்சு வைக்கான் வேண்டி வெட்டக் கூடாது. அதும் அதிலே உண்டு."

"ஒரே ஒரு ராத்திரி, டீ. அவளுக்கும் அம்மையல்லே?"

இரண்டு பேரும் உள்ளே போய் மறுபடி புத்தகத்தைத் திறந்தார்கள். சேச்சியின் குரல் உயர்வதும் தாழ்வதும் கேட்டது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். வெகுநேரம் கழித்து டீச்சர் வந்தார்.

"அண்ணாச்சி, நிங்கட வேலை நிங்கடது. வெட்டச் சொல்லி ஞங்கள் சொல்ல மாட்டோம். நிறுத்தச் சொல்லித்தான் ஆகணும்னும் இல்லை."

அவ்வளவுதான். கதவு சாத்திக்கொண்டது. இனி அது என் கையில்.

மறுநாள் காலைக்கு ஒரு ஓட்டலுக்கு விறகு போக வேண்டியிருந்தது, அது உண்மை. கோடாலியை எடுத்தேன். ஓட்டலுக்காக வெட்டினேனா, முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்காக வெட்டினேனா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எல்லாம் புளிய விறகு. லேசில் பிளக்காது. வியர்வை துடைக்க நிறுத்தினால்கூட மனம் பதறும். உடனே ஓங்குவேன்.

வெயில் தாழ்ந்தபோது மாடி ஜன்னல் திறந்தது. சேச்சி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். மதியம் ஓடி வந்த முகம் இல்லை அது. கையை மெல்லத் தாழ்த்தினார்.

"மதி, அண்ணாச்சி."

போதும் என்கிறார். கோடாலியைச் சத்தம் வராமல் கீழே வைத்தேன். அப்போதுதான் எனக்கு அந்த மூச்சு கேட்டது. என் சத்தத்தில் அதுவரை கேட்காமல் போன மூச்சு. இழுத்து இழுத்து, நடுவில் ஒரு முனகலோடு. அதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர் சேச்சி.

விளக்கு வைக்கிற நேரத்தில் அது நின்றது. கோடாலி நின்றதால்தான் நின்றதா என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று அவர்களும் சொல்லவில்லை.

மறுநாள் இளைய மகள் வந்தாள். அழுகைச் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் பின்கதவு வழியாக நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"ஒரு ராத்திரி கூடி வெட்டிக்கூடாயிருந்நோ, அண்ணாச்சி?"

இன்னும் ஒரு ராத்திரி வெட்டியிருக்கக் கூடாதா என்று கேட்கிறாள். பின்னாலேயே சேச்சி வந்தார்.

"அவரோட கோபப்படண்டா. நிறுத்தச் சொன்னது ஞானாணு. உன்னைக் காணணும்னுதான் அம்மை கிடந்தாள். பட்சே அம்மையால ஆகலடி."

அவள் விறகு அடுக்கின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் பாவாடையில் ஒட்டிய சிராய்களைச் சேச்சி ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் போய்விட்டேன்.

சில வருடங்கள் கழித்துச் சேச்சியும் தங்கையிடமே போவது என்று முடிவு செய்தார். கிளம்புகிற அன்று பின்கதவுக்கு வந்து, "போயிட்டு வரட்டே, அண்ணாச்சி?" என்றார். "வாங்க சேச்சி" என்றேன். வரமாட்டார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். பேச்சுத் துணைக்கு அந்தச் சந்தில் எனக்கு இருந்தது அவர் ஒருவர்தான். என்னோடு எப்போதும் சண்டை பிடிப்பார், ஆனால் ஒரு நாளும் மரியாதை குறையாது. இருங்கள் சேச்சி என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

பிரியமானவர்கள் கிளம்பும்போதெல்லாம், நாளை நீங்கள் இந்த வீட்டை விட்டுக் கிளம்பும்போதும், எனக்கு ஜன்னலில் நின்ற அந்த முகம்தான் ஞாபகம் வரும். தங்கை வந்து பார்க்க வேண்டும் என்பதற்காகக்கூட அம்மாவைப் பிடித்து வைக்காத முகம்.

சேச்சி கிளம்பிய அன்று முதலாளி சாயா குடிக்கப் போயிருந்தார். கடையில் நான் மட்டும்தான். ஒரு வண்டி விறகு பிளக்காமல் கிடந்தது. தெருமுனையில் சேச்சியின் டாக்ஸி கிளம்பும் சத்தம் கேட்டது. அது திரும்பி, தேய்ந்து, சுத்தமாகக் கேட்காமல் போகும்வரை நான் கோடாலியைத் தொடாமல் நின்றேன்.