திரேசம்மா அக்காவின் வடக்குச் சுவர்

அக்காவின் மகள் மெற்றில்டாவின் தொலைபேசி அழைப்பு வந்தபோது நான் மருத்துவமனைச் சமையலறையில் நோயாளிகளின் மதியத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். "அம்மா போயிட்டா அன்ரி" என்றாள். புற்றுநோய் முற்றிவிட்டதென்று தெரியும், எதிர்பார்த்துத்தான் இருந்தோம். நான் எதிர்பாராதது, உடலைப் பார்வைக்கு வைத்த மலர்ச்சாலையில் நடந்தது. திரேசம்மா அக்காவை அறிந்தவர்களே, அதனால்தான் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

மன்னாரில் கணவரைப் பறிகொடுத்து, இரண்டு பெண்பிள்ளைகளோடு கனடாவுக்கு வந்தவர் அக்கா. அதே சமையலறையில் என்னோடு நின்று உழைத்தவர். மூத்தவள் மெற்றில்டாவின் சம்பளத்தையும் சேர்த்து ஸ்காபரோவில் ஒரு பழைய வீட்டை வாங்கினார். அதன் வெளிப்புறத்தை மூடியிருந்த மரப்பலகைகள் உக்கிப்போயிருந்தன. வடக்குப் பக்கத்தால் காற்று நேரே உள்ளே வந்தது. சைடிங் என்கிற அந்த வெளிப்பலகைகளை மாற்றுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அக்கா அவசரப்படவில்லை.

ஒருமுறை பிக்கரிங்கில் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கிய ஒரு பிள்ளைக்கு விருந்து. பெண்கள் எல்லோரும் புது வீட்டின் குசினியில் அடுப்பு, அலுமாரிகளைப் பார்த்துக்கொண்டு நிற்க, அக்காவைக் காணவில்லை. தேடிப் போனால், நல்ல சேலையோடு வெளியே நின்று சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிளாஸ்ரிக் நல்லதா, அலுமினியம் நல்லதா, எந்த நிறம் ஊத்தை காட்டாது என்று வீட்டுக்காரரை ஒரு மணித்தியாலம் குடைந்தெடுத்தார். அப்படி யோசித்து யோசித்துத்தான் கடைசியில் சுவர் வேலைக்கு ஒருவரைப் பிடித்தார்.

அந்த மனிதரின் பெயரை எழுதமாட்டேன். எங்கள் கத்தோலிக்கப் பங்கின் தமிழ் விழாக்களில் மேடையில் இருப்பவர். முற்பணம் வாங்கிக்கொண்டு ஐப்பசியில் ஆட்களோடு வந்தார். வடக்குப் பக்கத்தையும் பின்பக்கத்தையும் உரித்தார், பலகைக்கு அடியில் போகும் கறுப்புத் தாளை அடித்தார், போனார். அதைவிடப் பெரிய வேலை ஒன்று கிடைத்துவிட்டதென்று பிறகு அறிந்தோம். தொலைபேசியில் எப்போதும் நாளைக்கு வருவதாகச் சொன்னார். பனி வந்தது, அவர் வரவில்லை. தாள் கிழிந்து காற்றில் அடிக்கிற சத்தத்தில் பிள்ளைகளால் அறையில் படுக்க முடியவில்லை. மூவரும் முன் ஹோலில் குளிர் ஜாக்கெற்றுகளோடு படுத்தார்கள்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும், கோயில் வாசலில் எல்லோரும் நிற்க, அக்கா அவரிடம் போனார். "தம்பி, உரிச்சுப்போட்டுப் போனியள். எப்ப வந்து மூடப்போறியள்?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. அந்த மனிதர் சிரித்துக்கொண்டு காருக்குப் போனார். கேட்டவர்தான் மரியாதை தெரியாதவரானார்.

அக்கா வழக்குப் போடப்போகிறார் என்று அறிந்து பங்கிலிருந்து மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். நானும் அங்கே இருந்தேன். தேத்தண்ணி குடித்து முடித்த பிறகு அவர்களில் மூத்தவர் மெதுவாகத் தொடங்கினார்.

"உது எங்கட ஆக்களுக்கை பேசி முடிக்கிற அலுவல். வெள்ளைக்காரன்ரை கோட்டுக்குப் போனா எங்களுக்குத்தான் வெக்கம்."

"வெக்கம் உங்களுக்கு, குளிர் எனக்கு," என்றார் அக்கா. "ரெண்டையும் மாத்திப் பாப்பமே?"

அவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

தீர்ப்பு அக்காவின் பக்கம் வந்தது. பணத்தைக் கொடுக்காமல் தப்ப அந்த மனிதர் கம்பனியை மூடி, வேறு பெயரில் திறந்தார். தீர்ப்பால் அந்தச் சுவரில் ஒரு பலகைகூட ஏறவில்லை. ஆனால் கோயில் பாடகர் குழுவுக்கு அக்காவைக் கூப்பிடுவது நின்றது. ரெக்ஸ்டேல் பக்கம் மெற்றில்டாவுக்குப் பேசிக்கொண்டிருந்த சம்பந்தமும் குழம்பியது. கோடேறி வழக்காடின குடும்பம் என்று காரணம் சொன்னார்களாம்.

இன்னொரு பனிக்காலமும் கறுப்புத் தாளோடு கழிந்தது. பிறகுதான், தாயும் மகளும் இரட்டை வேலை செய்து, ஒஷாவாவிலிருந்து வந்த ஒரு கம்பனியைக்கொண்டு முடித்தார்கள். அக்கா பார்க்கக் கூப்பிட்டார், போனேன். வெளிர் சாம்பல் நிறம், துப்புரவான வேலை. "வடிவாத்தான் கிடக்கு," என்றார். "ஆனா எனக்கொரு சந்தோசமும் வரேல்லை, பிள்ளை. அதையும் சேத்து அவன் உரிச்சுக்கொண்டு போயிட்டான்."

அடுத்த வருடமே நோயென்று தெரிந்தது.

மலர்ச்சாலையில் ஜெபம் முடிந்ததும் அந்த மனிதர் எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்தார். எங்கள் சமூகத்தின் தாய் என்றார். குளிரிலும் பனியிலும் தனித்து நின்று பிள்ளைகளை வளர்த்தவர் என்றார். குரல்கூடத் தழுதழுத்தது. மெற்றில்டா தலையைத் திருப்பி ஒவ்வொருவராகப் பார்த்தாள். அக்காவின் வீட்டில் தேத்தண்ணி குடித்துப் போனவர்கள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு வெளியே நின்று, நல்லாப் பேசினார் என்றும் சொன்னார்கள். அது என் காதில் விழுந்தது.

வேறு பங்குக்குப் போகலாமே என்று அக்காவிடம் ஒருதரம் கேட்டிருக்கிறேன். "கோயிலை அவன் கட்டேல்லையே," என்றார். நோய் படுக்கையில் போடும்வரை ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். பக்கத்தில் யாரும் இருக்காத வாங்குப் பலகையில் தனியே இருந்து, எல்லாப் பாட்டையும் முழுக்குரலில் பாடினார்.

செத்தவீட்டோடு எல்லாவற்றையும் மன்னித்துவிட வேண்டும் என்று இப்போது எனக்குச் சிலர் புத்தி சொல்கிறார்கள். மன்னிப்பது அக்காவின் உரிமை. மன்னித்ததாக அவர் என்னிடம் சொல்லவில்லை. ஆகவே அவருடைய கோபத்தை நான் வைத்திருக்கிறேன். பத்திரமாக வைத்திருப்பேன்.