நான்கு கட்டம் போட வேண்டிய இடத்தில்

எண்ணூரில் இரும்புத் தொட்டி செய்யும் எங்கள் பட்டறையில் பெயிண்ட் கலவைக் கணக்கு லோகநாதன் பொறுப்பு. எட்டாம் வகுப்பில் விகிதக் கணக்கு வந்ததும் பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டியவர். ஆனால் கலவை விஷயத்தில் அவரை இன்ஜினியர்கூட அசைக்க முடியாது. சூத்திரம் கிடையாது, தரையில் சாக்பீஸால் கட்டம் போடுவார். பெயிண்டுக்கு நாலு, அது இறுகுவதற்கு ஊற்றும் ஹார்டனருக்கு ஒன்று, ஆக ஐந்து கட்டம். இருபது லிட்டர் வேண்டுமா? ஐந்தால் வகுத்து, கட்டத்துக்கு நாலு லிட்டர். வியாசர்பாடியிலிருந்து கூலிக்கு வரும் செங்கொடி அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் ஆறு வருஷமாக ஊற்றிவந்தாள்.

போன மாதம் அதே கம்பெனியின் அதே நீல டிரம் வந்தது. லேபிளில் மட்டும் மூன்றுக்கு ஒன்று என்று போட்டிருந்தது. லேபிளை யார் படிக்கிறார்கள்? கைப்பழக்கத்தில் ஐந்து கட்டம் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார் மனுஷன்.

மூன்று நாளாகியும் தொட்டிக்கு அடித்த பெயிண்ட் காயவில்லை. தொட்டால் விரலில் பிசுபிசுத்தது. நாலாம் நாள் காலையில், கூலியாட்களை வைத்து வேலை வாங்கும் காண்டிராக்டர் செங்கொடியைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னாத்த ஊத்துன நீ? ஹார்டனரு கம்மியா கீது. நாளைலேர்ந்து வேலைக்கு வராத.”

“நாலு லிட்டரு சார். அளந்துதான் ஊத்துனேன்” என்றாள் அவள்.

பக்கத்தில் நின்ற லோகநாதன் அப்போதுதான் லேபிளைப் படித்தார். மூன்றும் ஒன்றும் நாலு கட்டம். இருபதை நாலால் வகுத்தால் ஐந்து. ஒரு லிட்டர் குறைந்த தப்பு அவள் ஊற்றியதில் இல்லை, இவர் போட்ட கட்டத்தில். தன் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போது எனக்கு இன்னும் ஆத்திரமாகத்தான் இருக்கிறது.

மத்தியானம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. காண்டிராக்டரிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டார்.

“அவளுக்குப் பதிலா வேற ஆளுக்குச் சொல்லிட்டேம்பா. நீ போயி கலவையப் பாரு” என்றார் அவர். அவ்வளவுதான். இவருக்கு ஒரு திட்டுகூட இல்லை.

சாயங்காலம் லோகநாதன் வியாசர்பாடிக்குப் போனார். செங்கொடி வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

“கணக்கு தப்பாயிடுச்சு, சரிண்ணா. காண்டிராக்டரு என்னிய வராதன்னு சொல்றப்ப நீ பக்கத்துலதான நின்னுகினு இருந்த?”

லோகநாதன் ஆமாம் என்றார்.