மார்கழி மண்டபத்தில் ஒரு வலைப்பூ மாநாடு

இலவச மாநாடு நடத்துவது ஒரு தொழில் இல்லை. ஆனால் ஒரு முறை நடத்திவிட்டால் அப்புறம் எந்தத் தொழிலைக் கண்டும் பயம் வராது. வாட்ஸப்பில் பிறந்த நாளுக்குக் கூப்பிட்டுவிட்டு, வாங்கி வைத்த கேக்கைத் தாங்களே மூன்று நாள் தின்று தீர்த்தவர்கள், பத்து நாற்காலி போட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் என் ஜாதி. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் கற்பகம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் வீடு. சாயங்காலம் டியூஷன், மற்ற நேரத்தில் வலைப்பூ. குடலை இட்லிக்கு எவ்வளவு சுக்கு, எந்தக் கோயிலில் என்றைக்கு உற்சவம், எந்த ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், இதெல்லாம்தான் என் இலக்கியம். பத்து வருடத்துக்கு மேலாக எழுதுகிறேன். சிங்கப்பூரில் படிக்கிறார்கள், துபாயில் படிக்கிறார்கள். என் தெருவில் ஒருத்தர் படித்ததாக எனக்குத் தகவல் இல்லை. சொந்த ஊரில் யாருக்கும் வேண்டாததை எழுதிக்கொண்டிருக்கிறோமோ என்று நினைக்கும்போதெல்லாம் மனசு சுருங்கிப் போகும். இந்த வட்டாரத்தில் எழுதுகிறவர்களையும் படிக்கிறவர்களையும் ஒரு நாள் நேரில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசைக்குத்தான் மாநாடு என்று பெரிய பெயர் வைத்தேன். கூட்டாளிகள் இரண்டு பேர். முசரவாக்கத்தில் வயலில் நின்றபடியே விவசாய வீடியோ போடும் பரந்தாமன் ஒருவன். ஓரிக்கையிலிருந்து வரும் நர்ஸ் ரெஜினா இன்னொருத்தி. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்யவேண்டும் என்று ரீல்ஸ் போடுகிறவள்.

மண்டபம் கிடைத்தது

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. எங்கள் ஊர் மண்டபங்கள் எல்லாம் அந்த மாதம் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும். ஏகாம்பரம் என்ற மண்டப முதலாளி பரந்தாமனுக்குத் தூரத்துச் சொந்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாலைச் சும்மா கொடுங்கள் என்று போய்க் கேட்டோம். சமூக ஊடகம் என்றால் என்ன என்று பரந்தாமன் கால் மணி நேரம் விளக்கினான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எத்தனை பேர் வருவார்கள் என்று மட்டும் விசாரித்தார். ஹாலில் முந்நூறு நாற்காலி. "நெறஞ்சிடுங்க" என்று யோசிக்காமல் சொன்னவள் நான்தான்.

கரண்ட் பில்கூட வேண்டாம் என்றார். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "ஒரு சேர் காலியா இருக்கக் கூடாதும்மா. ஏகாம்பரம் மண்டபத்துல விசேஷம் வச்சாங்க, ஜனமே வரலன்னு ஒரு தபா பேர் வந்துச்சுன்னா, தை மாசம் எவன் இங்க வந்து பொண்ணு கல்யாணத்துக்கு தேதி கேப்பான்?"

என்ன விக்கிறீங்க?

அறிவிப்பில் ‘அனுமதி இலவசம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். அதுவே வினையாகிவிட்டது. கடைசியில் குக்கர் விப்பீங்களா என்று ஒருவர் போன் செய்தார். வேனில் ஏற்றிப் பிளாட் காட்டக் கூட்டிக்கொண்டு போவீர்களா என்றார் இன்னொருவர். சர்க்கரை டெஸ்ட் எடுக்கிற முகாம்தானே, வெறும் வயிற்றோடு வரணுமா என்று ஒரு அம்மா கேட்டார். எதுவும் விற்கவில்லை, உட்கார்ந்து பேசப்போகிறோம், அவ்வளவுதான் என்று சொல்லச் சொல்ல அவர்கள் குரலில் சந்தேகம் ஏறிக்கொண்டே போனது.

திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு மளிகைக் கடைக்காரர் இருக்கிறார். அங்குள்ள சமணக் கோயில் விதானத்து ஓவியங்களைத் தினம் ஒரு படமாகப் போடுகிறவர். இவர் மாதிரி ஆட்களுக்காகத்தான் மாநாடே. அவரும் மறுபடி மறுபடி போன் செய்து, கடைசியில் மனசில் இருந்ததைச் சொல்லிவிட்டார். "ஃப்ரீன்னா பயமா இருக்குதுமா. பத்து ரூபாயாவது வாங்கிக்குங்க, நிம்மதியா வருவேன்."

பொத்தானை அமுக்கியவர்கள்

முகநூலில் ‘வருகிறேன்’ என்ற பொத்தானை நானூறு பேருக்கு மேல் அமுக்கிவிட்டார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ரெஜினா ஆஸ்பத்திரியில் இருக்கிறவள். டோக்கன் போட்டவர்கள் எல்லாம் வந்துவிட மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு பெயராகத் திறந்து பார்த்தாள். ஒருவர் குவைத். ஒருவர் டொராண்டோ. ஒன்று நாய்க்குட்டி விற்கிற பக்கம். உள்ளூர்க்காரர்கள் கைவிரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் மிஞ்சினார்கள். அதில் ஒரு கல்லூரி மாணவனைக் கூப்பிட்டு, நிஜமாகவே வருகிறாயா என்று கேட்டாள்.

அவன் ஒளிவு மறைவில்லாமல் பேசினான். "இல்லக்கா, அது சும்மா ஒரு சப்போர்ட்டுக்கு அமுக்கறது. நெஜமா வர்றதா இருந்தா போன் பண்ணி சொல்லிட மாட்டனா?"

நாத்தனார்

அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் முந்நூறு காலி நாற்காலியும், அவற்றுக்கு நடுவில் ஏகாம்பரமும் வந்து நின்றார்கள். அந்தக் கவலையோடு, வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க அடுத்த தெருவில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போனேன். மாநாட்டு அறிவிப்பை நான்கு குரூப்புக்கு அனுப்பி வைத்தவர் அவர். அவராவது வருவார் என்ற தெம்பில், ஞாயிற்றுக்கிழமை என்ன புடவை கட்டப் போறீங்க அண்ணி என்று பேச்சுக் கொடுத்தேன். எதுக்கு என்றார். மாநாட்டுக்கு என்றேன். அவர் பாத்திரத்தை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்து, அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

"குரூப்புல போட்ட, பார்த்தேன். ஊருக்கே போட்டத எனக்கு போட்டதா நான் எப்படி எடுத்துக்கறது? வூட்டுக்கு வந்து ‘வாங்க அண்ணி’ன்னு ஒரு வார்த்த சொன்னியா நீ?"

அச்சகம்

மறுநாள் மூன்று பேரும் அச்சகத்துக்குப் போனோம். சமூக ஊடக மாநாட்டுக்குக் காகிதத்தில் பத்திரிகையா என்று பரந்தாமன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அச்சகக்காரர் நாங்கள் எழுதிக் கொடுத்ததை முழுசாகப் படிக்கவில்லை. மேலே பிள்ளையார் படம் தானாக வந்து உட்கார்ந்தது. கீழே ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று விழுந்தது. பிள்ளையாரை எடுத்துவிடச் சொல்லலாமா என்று நான் ரெஜினாவைப் பார்த்தேன். இருக்கட்டும்க்கா, அழகா இருக்குது என்றாள்.

தேதியைப் பார்த்ததும்தான் அவருக்கு உறைத்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பரந்தாமனையும் ரெஜினாவையும் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார். "மார்கழியிலயா வச்சிக்கினு இருக்கீங்க? லவ் மேரேஜாம்மா?"

தட்டோடு

ஒரு தட்டில் சந்தனம், குங்குமம், கற்கண்டு. மேலே பத்திரிகைக் கட்டு. ரெஜினா டூட்டி முடித்துவிட்டு வந்து தட்டைப் பிடித்துக்கொள்வாள். தறி ஓடுகிற வீடுகளில் அந்தச் சத்தத்துக்கு மேலே சத்தம் போட்டுக் கூப்பிட்டோம். வீட்டுக்கு வீடு காபி. வேண்டாம் என்று சொன்ன வீட்டில், ஏன், எங்க வீட்டுக் காபி இறங்காதா என்று கேட்டார்கள். ஒரு தெருவை முடிப்பதற்குள் வயிறு குடமாகிவிட்டது. இவ்வளவிலும் என்ன விசேஷம் என்று கேட்டவர்கள் குறைவு. என்றைக்கு, எந்த மண்டபம் என்று மட்டும் கேட்டுக்கொண்டு குங்குமம் எடுத்துக்கொண்டார்கள். பொத்தானை அமுக்கும்போது இல்லாத ஏதோ ஒன்று அந்தக் கையில் இருந்தது. எனக்கு அப்போதுதான் கொஞ்சம் உயிர் வந்தது.

எதிர்வீட்டு சரோஜாவுக்கும் எனக்கும் பேச்சு நின்று வருடக் கணக்காகிறது. ஸ்கூட்டரை யார் வாசலில் யார் நிறுத்துவது என்பதில் வந்த மனஸ்தாபம். ஆனால் தெருவையே கூப்பிட்டுவிட்டு ஒரு வீட்டை மட்டும் விட்டால் அது காலத்துக்கும் நிற்கும். படியேறி, அவசியம் வரணும் என்று தட்டை நீட்டினேன். குங்குமம் எடுத்துக்கொண்டார். பத்திரிகையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சாப்பாடு எத்தினி மணிக்கு?"

டீயும் பிஸ்கட்டும்

எங்கள் திட்டத்தில் டீயும் ஆளுக்கு இரண்டு பிஸ்கட்டும்தான் இருந்தன. மண்டபத்துக்கு வாருங்கள் என்று தட்டோடு போய்க் கூப்பிட்டுவிட்டு பிஸ்கட் கொடுத்தால் ஊரில் தலை காட்ட முடியுமா? பன்னிரண்டரைக்கு என்று சரோஜாவிடம் வாய் தானாகச் சொல்லிவிட்டது. ரெஜினா தட்டோடு திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. பரந்தாமன் வீட்டு நெல்லை அரைத்து அரிசி கொண்டுவருகிறேன் என்றான். காய்கறி அவன் ஊர்க்காரர்கள் கொடுத்தார்கள். மண்டபத்துச் சமையல்காரரிடம் போய், இது கல்யாணம் இல்லைங்க, ஒரு மாநாடு என்று நான் இழுத்து இழுத்து ஆரம்பித்தேன்.

அவர் என்னை முடிக்க விடவில்லை. "மார்கழி பொறந்ததுலேர்ந்து கைய கட்டிக்கினு ஒக்காந்துக்கினு இருக்கறேன். மாநாடோ மஞ்சத் தண்ணியோ எனக்கு இன்னாமா? எத்தினி எலை, அத்த சொல்லு."

ஒன்பது மணி மாநாடு

ஒன்பது மணிக்குத் தொடக்கம். ஒன்பதுக்கு ஹாலில் நாங்கள் மூவரும், சென்னையிலிருந்து வந்த பேச்சாளரும், முந்நூறு நாற்காலியும் இருந்தோம். பத்தரை வரைக்கும் திருப்பருத்திக்குன்றம் மளிகைக்காரரையும் சேர்த்து வெளியூரிலிருந்து கொஞ்சம் பேர் வந்து முன் வரிசையில் ஒடுங்கி உட்கார்ந்தார்கள். ஏகாம்பரம் வாசலுக்கும் மேடைக்குமாக நடந்தார். வாசல் கதவில் ஒரு பாதியை மட்டும் மெல்லச் சாத்திவிட்டு வந்தார். தெருவிலிருந்து பார்க்கிறவர்களுக்கு உள்ளே தெரியக் கூடாது என்பதற்காக. எனக்கு அங்கேயே அழுதுவிடலாம் போல இருந்தது.

பதினொரு மணிக்கு மேல் வந்தார்கள். கல்யாணத்துக்கு எந்த நேரத்துக்கு வருவார்களோ அந்த நேரத்துக்கு, பட்டுப் புடவையும் மல்லிகைப் பூவுமாக, தெருத் தெருவாக வந்தார்கள். நாத்தனார் தன் ஓரகத்திகளோடு வந்தார். ஏகாம்பரம் சாத்திய கதவைத் திறந்து, நாற்காலி போதாமல் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து பெஞ்சு கொண்டுவந்து போட்டார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். "ஏம்மா, நீ ஒரு நாளைக்குத்தான் ஹால் கேட்ட. வருஷா வருஷம் மார்கழில இந்த மாநாட வச்சிக்கிறியா?"

சுவர்க் கடிகாரம்

கூப்பிட்ட இடத்துக்கு வெறுங்கையோடு வர எங்கள் ஊரில் யாருக்கும் மனசு வராது. பொண்ணு மாப்பிள்ளையைக் காணோம் என்றதும், மேடையில் பளிச்சென்று தெரிந்த ஆளிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள். வீடியோ எப்படி நாலு பேருக்குப் போய்ச் சேருகிறது என்று திரையில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்த சென்னைப் பேச்சாளர், நடு நடுவே நிறுத்தி நிறுத்திப் பரிசு வாங்கினார். ஒரு எவர்சில்வர் குடம், இரண்டு சீப்பு வாழைப்பழம், வண்ணக் காகிதம் சுற்றிய ஒரு சுவர்க் கடிகாரம். ஒரு தம்பதி அவரை நடுவில் நிறுத்திப் படமும் எடுத்துக்கொண்டார்கள்.

சாப்பிடும்போது அவர் குடத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருந்தார். "மேடம், எத்தனையோ மாநாட்டுல பேசியிருக்கேன். பொன்னாடை போர்த்துவாங்க, போயிடுவாங்க. இன்னிக்குத்தான் ஒரு குடும்பம் நடத்துற அளவுக்கு சாமான் கெடச்சிருக்குது."

மைக்

சாப்பாடு முடிந்தால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள் என்று பயந்தேன். போகவில்லை. கேள்வி நேரத்தில் மைக் கை மாறிக்கொண்டே போய் சரோஜாவிடம் நின்றது. ஸ்கூட்டர் விஷயம் சபைக்கு வரப்போகிறது என்று நினைத்தேன். அவர் எழுந்து, ஆடி மாசக் கூழுக்கு நான் எழுதியிருந்த அளவில் தண்ணீர் ஜாஸ்தி என்றார். நான் அசந்துபோனேன். அது எப்போதோ எழுதியது. நீங்க அதைப் படிச்சீங்களா என்று மேடையிலிருந்து கேட்டேன். "ஆரம்பத்துலேர்ந்து படிக்கறேன். நான் மட்டுமா? நம்ம தெருவுல பாதிப் பேரு படிக்கறாங்க" என்று சுற்றிக் கையைக் காட்டினார். பட்டுப் புடவைகளுக்கு நடுவில் தலைகள் அசைந்தன. நாத்தனார் தலையும் அசைந்தது. இத்தனை வருடம் ஒரு லைக் இல்லை, ஒரு வரி கருத்து இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

சரோஜா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நீ எங்கள கூப்பிடலியேமா. கூப்பிடாத எடத்துல எட்டிப் பார்க்கலாம், வாய் தொறக்கலாமா? இப்போ தட்டோட வந்து கூப்பிட்டுட்ட, இனிமே சொல்றேன்."

இப்போது என் வலைப்பூவில் தெருவே வந்து கருத்துச் சொல்கிறது. இதுவரை ஒருத்தர்கூட நான் போட்ட உப்பு சரி என்று சொன்னதில்லை, எனக்கு அதுவே போதும்.