ஃப்ரிட்ஜ்காரரின் ஹீட்டர்

ஃப்ரிட்ஜ்காரர் பழைய ஷேவிங் பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் முக்கி ஃப்ரிட்ஜ் குழாய் இணைப்பின் மேல் நுரையைப் பூசுகிறார். பூசிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். பக்கத்தில் நிற்பவரும் மூச்சு விடக்கூடாது. விட்டால் ஒரு பார்வை பார்ப்பார். நுரையில் குமிழி கிளம்பினால் கசிவு அங்கே இருக்கிறது. கிளம்பாவிட்டால் அடுத்த இணைப்பு. "கண்ணு ஏமாத்தும், காது ஏமாத்தும். நுரை மட்டும் ஏமாத்தாது வாத்தியாரே" என்பார். நான் வாத்தியார் இல்லை, அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். தப்புக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் எல்லாம் அவர் கணக்கில் வாத்தியார்தான்.

எங்கள் கட்டடத்தில் கீழ் வீட்டில் அவர், மேல் வீட்டில் நான். முப்பத்தோரு வருஷமாகக் குளிர்பெட்டி பழுது பார்ப்பதால் எல்லோருக்கும் அவர் ஃப்ரிட்ஜ்காரர். விருந்துக்குப் போன வீட்டிலும் நேரே சமையலறைக்குள் நுழைந்து ஃப்ரிட்ஜின் விலாவில் காதை வைப்பார். "இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும்" என்று ஆயுள் சொல்லிவிட்டுத்தான் வந்து உட்காருவார். கேட்காமல் சொல்லும் ஜாதகம் யாருக்குப் பிடிக்கும்? இரண்டு மூன்று வீடுகளில் அவரை அழைப்பதையே விட்டுவிட்டார்கள். அவருக்கு அது இன்னும் தெரியாது.

சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து வால்வு மூடிகள் கிடக்கும். வேலை செய்யும்போது ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார், அதனால் அவர் பேச்சில் பாதி கொழகொழப்பாக வரும். ஐஸ் தண்ணீரைத் தொடமாட்டார். எந்த ஃப்ரிட்ஜைச் சரிசெய்தாலும் போகும்போது குளிர்ச்சியை ஒரு கோடு மட்டும் கூட்டிவைத்துவிட்டு, "ஒரேயடியாத் திருகாதீங்க, அதுக்கும் வலிக்கும்" என்று வீட்டுக்காரிக்குப் புத்தி சொல்வார்.

அண்ணிக்கு, அதாவது அவர் மனைவிக்கு, மூன்று வருஷத்துக்கு முன்னால் இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப்புறம், ஒன்றே கால் மணி நேரப் பயணம். எங்கள் ஊர்க் குளிர் சாதாரண ஆளையே கூனவைக்கும். அண்ணிக்கோ குளிர் உள்ளேயிருந்து வருகிறது. "ரத்தம் வெளிய போய்ச் சுத்திட்டு வருதுல்ல, போன எடத்துலயே சளி புடிச்சுக்கிட்டு வந்துடுது" என்று அண்ணியே சிரிப்பார். வாடகைக் கார் பிடித்துப் பார்த்தார்கள். முதல் வளைவிலேயே வாந்தி எடுத்து, டிரைவர் முகத்தைச் சுளித்து, அந்த அவமானத்துக்குப் பிறகு அண்ணி வேறு எந்த வண்டியிலும் ஏறுவதில்லை.

இருக்கவே இருக்கிறது அவர்களுடைய இருபத்தாறு வயதுக் கார். ஒருகாலத்தில் பச்சை. முன் சீட்டில் அண்ணி, முழங்காலுக்கு மேல் கம்பளி, மடியில் சுடுதண்ணிப் பை, ஹீட்டர் முழு வேகத்தில். பாதி மலை இறங்குவதற்குள் நடுக்கம் நிற்கும். நின்றதும் புருஷனைத் திட்டத் தொடங்குவார். கியர் போடுவது சரியில்லை, கொழுந்தன் வீட்டுக் கல்யாணத்தில் பேசியது சரியில்லை, மீசை சரியில்லை. "திட்டு வந்துடுச்சுன்னா உயிர் வந்துடுச்சுன்னு அர்த்தம்" என்பார் ஃப்ரிட்ஜ்காரர். அந்தத் திட்டைக் கேட்பதற்காகவே வண்டி ஓட்டுகிறவர் போலத்தான் இருப்பார்.

இந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் காருக்குள் வெல்லப்பாகு மாதிரி ஒரு வாசனை வந்தது. அடுத்து முன்கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் பிசுக்காகப் புகை படிந்தது. துடைக்கத் துடைக்க வந்தது. ஒரு நாள் அண்ணியின் செருப்பு நனைந்துவிட்டது. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு நோட்டுப் புத்தகம் அளவுக்குச் சின்ன ரேடியேட்டர் இருக்கிறது. எஞ்சினின் சுடுதண்ணீர் அதற்குள் ஓட, மின்விசிறி அதன் வழியாகக் காற்றை ஊத, அதுதான் ஹீட்டர். அவர் தொழில் பழக்கத்தில் அதைக் 'காயில்' என்பார். அந்தக் காயில் ஒழுகுகிறது. எஞ்சின் தண்ணீர் வற்றி நடுமலையில் வண்டி நின்றுவிடக் கூடாதே என்று, காயிலுக்குப் போகும் ஹோஸையும் திரும்பும் ஹோஸையும் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிவிட்டார். ஒழுகல் நின்றது. சூடும் நின்றது.

இரண்டு வாரம் அப்படியே ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்கிய அண்ணிக்குப் பல் கிட்டிப்போயிருந்தது. வாசல் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், வாய் திறந்ததும் சொன்னதை நான் மேலேயிருந்து கேட்டேன்.

"போதுங்க. இன்னொரு தடவை இந்தக் குளிர்ல என்னால ஆகாது. விட்டுடுங்க."

"விட்டுடுன்னா?"

"விட்டுடுங்கன்னா விட்டுடுங்கதான்."

விட்டால் பத்து நாள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறார். அது மூன்று பேருக்கும் தெரியும். ஃப்ரிட்ஜ்காரர், "திங்கக்கெழமை வண்டி சூடா இருக்கும். அப்ப வருவியா?" என்றார். அண்ணி இரண்டு படி ஏறி நின்று, "சூடா இருந்தா பாக்கலாம்" என்றார்.

சனிக்கிழமை விடிந்ததும் முற்றத்தில் வேலை தொடங்கியது. ரேடியேட்டர் கடைக்காரருக்கு முதல் நாளே போன் போட்டிருந்தார். "பித்தளைக் காயில்தானேண்ணே? கழட்டிக் கொண்டாங்க, பத்து நிமிஷத்துல பத்தவச்சுத் தரேன்" என்று அவரும் சொல்லிவிட்டார். கழட்டுவதுதான் பெரும்பாடு. ஸ்டியரிங்கை இறக்கி, ரேடியோவைப் பிடுங்கி, டேஷ்போர்டு முழுவதையும் உரித்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் முட்டை அட்டையின் ஒவ்வொரு குழியில் போட்டு, குழிக்குப் பக்கத்தில் பென்சிலால் குறித்துவைத்தார். எனக்கு டார்ச் பிடிக்கும் உத்தியோகம். காரின் வயிற்றுக்குள் காய்ந்த இலைகளும் அண்ணியின் கொண்டை ஊசி ஒன்றும் அகப்பட்டன. ஊசியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

ஞாயிறு மதியம் காயில் கைக்கு வந்தது. அப்படியே கடைக்காரரிடம் கொண்டுபோயிருக்கலாம். போயிருந்தால் இதை எழுதவே வேண்டியிருந்திருக்காது. ஆனால் நோய் இன்னதென்று தெரியாமல் இன்னொருத்தர் கையில் கொடுப்பது அவர் ஜாதகத்தில் இல்லை. "ஓட்டை எங்கன்னு காட்டிக் குடுத்தாத்தான் மரியாதை" என்றார். ஃப்ரிட்ஜ் குழாயைச் சோதிக்கும் நைட்ரஜன் சிலிண்டரை உருட்டிவந்தார். காயிலின் ஒரு வாயை அடைத்தார், மறு வாயில் சிலிண்டரை மாட்டினார். பிரஷ்ஷால் நுரையைப் பூசினார். கை தானாக ரெகுலேட்டருக்குப் போய், முப்பத்தோரு வருஷமாக எவ்வளவு திருகியதோ அவ்வளவு திருகியது. அழுத்தம் காட்டும் முள் ஏறுவதை நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பிழை திருத்துகிறவன் பக்கத்திலேயே நின்று என்ன பயன்?

பட்டென்று ஒரு சத்தம். நுரை என் சட்டையிலும் அவர் முகத்திலும் தெறித்தது. குனிந்து பார்த்தால் காயில் வெடித்த பருத்திக்காய் மாதிரி ஓரத்தில் வாய் பிளந்து கிடந்தது. மூன்று குழாய்கள் தையல் விட்டிருந்தன. ஊசி முனை அளவு ஓட்டை எங்கே இருந்ததோ, இனி யாருக்கும் தெரியாது.

ரேடியேட்டர் கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வந்து பார்த்தார். கையில் எடுத்துத் திருப்பினார்.

"எவ்ளோ பிரஷர் வச்சீங்க?"

"வழக்கமா வைக்கிறதுதாம்பா."

"அண்ணே, இது ஃப்ரிட்ஜ் இல்லண்ணே. கார் தண்ணியில இருக்கிற அழுத்தத்தைப் போல அது பத்து மடங்கு. இனி இதுல பத்தவைக்க எதுவும் மிச்சம் இல்ல."

"புதுசு?"

"இந்த மாடல் நிறுத்தியே இருபது வருஷம் ஆகுது. பழைய வண்டி ஒடைக்கிற எடத்துல எங்கயாச்சும் கெடந்தா உண்டு. தேடச் சொல்றேன். பத்துப் பதினஞ்சு நாள் ஆகும்." அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் ஆறுதல் சொல்ல முயன்றார். "விடுங்கண்ணே, ஆனைக்கும் அடி சறுக்கும்."

"சறுக்குன ஆனை எந்திரிச்சுக்கும்ப்பா. மேல உக்காந்திருக்கிறவ?" என்றார் ஃப்ரிட்ஜ்காரர்.

கடைக்காரர் போன பிறகு உரித்துப்போட்ட காருக்குள் ஏறி, வெறும் இரும்புச் சட்டத்தின் முன்னால் உட்கார்ந்தார். வாயில் வால்வு மூடி இல்லை, பேச்சு தெளிவாக வந்தது. "முப்பத்தோரு வருஷத்துல அடுத்தவன் வீட்டுக் காயில் ஒண்ணுகூட என் கையில ஒடஞ்சதில்ல வாத்தியாரே" என்றார். எனக்கு அழுகை வந்தது. அவருக்கு வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்று நினைத்தேன். மனிதர் அசையாமல் உட்கார்ந்திருந்தார், மணி மூன்றாகியும் சாப்பிடப் போகவில்லை.

பிறகு எழுந்து டேஷ்போர்டைத் தூக்கி மாட்டத் தொடங்கினார். நான், "உள்ள காயிலே இல்லாம எதுக்குண்ணே மூடுறீங்க?" என்று கேட்டேன்.

"சொல்லிடத்தான் போறேன். வயித்தைக் கிழிச்சுப்போட்ட வண்டியக் காட்டிச் சொல்ல முடியாது. மூடிட்டுச் சொல்றேன்."

முட்டை அட்டையிலிருந்து ஸ்க்ரூக்கள் ஒன்றொன்றாக அதனதன் இடத்துக்குத் திரும்பின. ஒன்றுகூட மிஞ்சவில்லை. இவ்வளவு நேர்த்தியான வீண்வேலையை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. ஆனால் அவர் அன்று சாயங்காலம் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை நான் இறங்கி வந்தபோதும் சொல்லியிருக்கவில்லை. அச்சகம் மலைப் பாதையில் இருப்பதால் திங்கட்கிழமைகளில் நானும் பின் சீட்டில் தொற்றிக்கொள்வேன். அண்ணி யாரும் கைபிடிக்காமல் தானாகவே படியிறங்கி வந்தார். ஸ்வெட்டர் போட்டிருந்தார், கம்பளி கையில் இருந்தது. இரண்டு நாளாக ஸ்பேனர் சத்தம் கேட்டிருக்கிறார், நம்பிவிட்டார். ஃப்ரிட்ஜ்காரர் வாயைத் திறந்தார். "ஏறு" என்றார்.

விசிறியைப் போட்டார். சூட்டுக் குமிழைச் சிவப்புக் கோடுகளின் கடைசிக்குத் திருப்பினார். காற்று வந்தது. எஞ்சின் சூடாக நேரமாகும் என்று அண்ணிக்குத் தெரியும், கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு பேசாமல் இருந்தார். முதல் வளைவு தாண்டியது. மீட்டரில் எஞ்சின் சூட்டு முள் நடுவுக்கு வந்து நின்றது. பின் சீட்டில் என் முழங்கால் மரத்துப்போனது. நானாவது சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. எனக்குத் தைரியம் இல்லை.

இரண்டாவது வளைவில் அண்ணி கம்பளிக்குள்ளிருந்து கையை எடுத்துக் காற்று வரும் துவாரத்தின் முன்னால் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. ஃப்ரிட்ஜ்காரர் சாலையையே பார்த்தார், சாலையில் எதுவும் இல்லை. அண்ணியின் விரல் நுனிகள் நீலம் பாரித்திருந்தது எனக்கே தெரிந்தது. அண்ணி தன் புருஷன் பக்கம் திரும்பி அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இரண்டு நாளாகச் சவரம் செய்யாத முகம், மோவாயில் கிரீஸ்.

"நல்லாத்தான் வருது" என்றார்.

கார் இன்னொரு வளைவு திரும்பியது. அண்ணியின் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் பின் சீட்டு வரை கேட்டது. பல்லைக் கடித்து அதை நிறுத்திவிட்டு மறுபடியும் பேசினார்.

"என்னங்க, ரொம்ப சூடா அடிக்குது. கொஞ்சம் கொறைங்க."

அவர் ஸ்டியரிங்கிலிருந்து இடது கையை எடுத்தார். உள்ளே எதுவுமே இல்லாத அந்தக் குமிழைப் பிடித்து, அண்ணிக்குக் குளிர்ந்துவிடப் போகிறதே என்று, ஒரே ஒரு கோடு மட்டும் குறைத்து வைத்தார்.