பனிப்பாறைப் பக்கத்துக் குப்பிகள்

இலத்தூர் சுஜிதா வடதுருவக் கடல் வரைக்கும் போய் வந்தவள் என்றால் ஊரில் பாதிப்பேர் நம்பமாட்டார்கள். கல்யாணத்துக்கு முந்தின வருடம் ஆராய்ச்சிக் குழுவோடு போய், பனிப்பாறை உருகி விழும் ஒரு குடாவின் அடியிலிருந்து சேறு அள்ளி, இடம்வாரியாகக் குப்பிகளில் அடைத்து வந்தாள். அந்தச் சேற்றில் கண்ணுக்குத் தெரியாத நூல்புழுக்களும், பேன் அளவுகூட இல்லாத, இறாலுக்கு உறவான ஜந்துக்களும் இருந்தன. திறந்த கடல் பக்கம் விதவிதமாக வாழ்கிறவை பனிப்பாறையை நெருங்க நெருங்க எப்படிக் குறைகின்றன, எவை மட்டும் தாக்குப்பிடிக்கின்றன என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. கடல் பக்கத்துக் குப்பிகளைப் பார்த்து முடித்துவிட்டாள். பனிப்பாறைப் பக்கத்துக் குப்பிகள்தான் பாக்கி. அவை இல்லாவிட்டால் பட்டமும் இல்லை.

பிள்ளை பிறந்ததால் பேராசிரியர் மனமிரங்கி, அவற்றையும் ஒரு மைக்ராஸ்கோப்பையும் வீட்டுக்கே கொடுத்தனுப்பியிருந்தார். பிள்ளை கண்ணயர்ந்தால் போதும், சுஜிதா குனிந்து உட்கார்ந்துவிடுவாள். கணவன் முத்துகுமரனுக்கு அது கண்ணை உறுத்தியது. குற்றாலத்தில் எண்ணெய்க்கடை வைத்திருப்பவன். "என் பொண்டாட்டி புழு மேய்க்கா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவான். சிரித்துக்கொண்டே குத்துவதில் மனுஷன் கெட்டிக்காரன்.

அந்த ஆண்டு சாரல் நன்றாகப் பிடித்தது. பிள்ளைக்குத் தடுப்பூசி போட சுஜிதா தென்காசிக்குப் போய்த் திரும்பினால், குப்பிகள் வைத்திருந்த அலமாரி காலி. வீட்டின் இன்னொரு சாவி முத்துகுமரனிடம்தான் இருந்தது. பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறிக் கடைக்கு ஓடினாள். ஈரத்துண்டோடு ஒருவர் மூலிகை எண்ணெய் வாங்கிக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்த குப்பியின் மூடியில் அவளுடைய கையெழுத்தில் சேறு எடுத்த இடமும் ஆழமும் அழியாமல் இருந்தன.

"ஏங்க, இதுல இருந்த சேறு எங்க?" என்று முத்துகுமரனிடம் கேட்டாள்.

"வாய்க்கால்ல கொட்டியாச்சு. சீசன்ல குப்பி கிடைக்காம நான் அல்லாடுதேன், நீ அங்கன சேத்த அடச்சு வச்சிருக்க."

"அதுல என்ன இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியாமலா? நாள்பூரா அதத்தான சொல்லுத. அதான் வெந்நி ஊத்தி, பிரஷ் போட்டு நானே கழுவுனேன். ஒரு புழு ஒட்டியிருக்காது, பயப்படாத."

பாவி, அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பிறகு புனலை எடுத்து அவள் கையில் திணித்தான்.

"கூட்டம் நிக்கி. பிள்ளைய இங்கன படுக்கப் போட்டுட்டு மிச்சத்த நெரப்பு, ஏட்டி."

சுஜிதா முதல் குப்பியை எடுத்தாள். பனிப்பாறைக்கு ஆக அருகில் அள்ளிய சேறு இருந்த குப்பி அது.